டைரியில் நான் எழுதிய காலேஜ்

டைரி எழுதுவது எனக்கு டிரைவர் வேலையால் வந்த பழக்கம். கம்பெனி வண்டிக்கு டிரிப் ஷீட் எழுத வேண்டும். எங்கிருந்து எங்கே போனேன், எத்தனை கிலோமீட்டர், யாரை ஏற்றினேன். ஷீட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டால் என் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை நான் போகாத டிரிப்பைப் போனதாகச் சொல்லி என்மேல் பழி போட்டார்கள். அதற்குப் பிறகு ரூமுக்கு வந்ததும் அதையே டைரியிலும் எழுதி வைத்தேன். இடம் மிச்சம் இருந்தால் கூடவே ஒரு வரி. 'பாலத்தில் கூட்டம்.' 'சார் இன்று பேசவில்லை.' 'ஊரில் மழையாம்.' எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் எழுத வராது.

அந்த டைரிதான் ஒரு காலேஜ் ஆரம்பித்த கதைக்கு ஆதாரம் என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கம் பொய். எழுதியது நான்.

எங்கள் சார் இங்கிலாந்துக்காரர். கம்பெனியில் பெரிய இஞ்சினியர். வீடு பஹ்ரைனில், ஈசா டவுனில். வாரம் இரண்டு நாள் கடல் பாலம் தாண்டி சவூதியில் அல் கோபார் சைட்டுக்கு அவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். மற்ற நாள் இங்கேயே ஓட்டம். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். சிலரைக் கூட்டிவருவதும் என் டூட்டி. வந்தவர்கள் ஹாலில் வட்டமாக உட்காருவார்கள். நான் வெளியே வண்டியில் இருப்பேன்.

ஒரு வெயில் நாளில் சார் வந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே வந்து உட்காரு என்றார். போனேன். யாரும் பேசவில்லை. பாட்டு இல்லை, படம் இல்லை, பூசாரி இல்லை. ஏசி சத்தம் மட்டும். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். யாரும் திட்டவில்லை. முடிந்ததும் டீ கொடுத்தார்கள்.

அவர்கள் குவேக்கர். கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவதுதான் பூசை. யாருக்காவது உள்ளேயிருந்து பேச்சு வந்தால் எழுந்து சொல்லலாம். பெரியவர் சின்னவர் கிடையாது. பேச்சு வராவிட்டால் ஒருவரும் பேசாமலே எழுந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் என் ரூமில் இருந்தவர் ஒரு கொத்தனார். பெரம்பலூர்ப் பக்கம். நான் வெள்ளிக்கிழமை சட்டை மாற்றினால் ஆரம்பித்துவிடுவார்.

"என்னய்யா, சும்மா உட்காரக் கிளம்பிட்டியா?"

"ஆமா."

"அதுக்கு எதுக்குய்யா அவ்வளவு தூரம்? இங்கயே உட்காரு. ஏசி இங்கயும் இருக்கு. டீ நான் போட்டுத் தரேன், பூசையும் நானே பண்றேன்."

"உன் வாய் ஒரு நிமிஷம் மூடாது. உன்னைச் சேர்க்க மாட்டாங்க."

அங்கே வருகிறவர்களில் ஒரு பெண் இலங்கைக்காரி. மலையகம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை. ஊரில் ஏ லெவல், நம் பிளஸ் டூ மாதிரி, பாஸ் பண்ணி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தவள். இங்கிலீஷ் நன்றாக வரும். சாரின் மனைவி அதைக் கண்டுபிடித்து, அவள் மேடத்திடம் பேசி, வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மேடமே காரில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடும். இதைக் கவனித்து எழுதுகிறேன். பின்னால் நான் வேறு மாதிரி சொல்லப் போகிறேன்.

அவள் என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன்.

ஒரு வாரம் கேம்ப்பில் ஒருவர் மாத்திரை மாற்றி விழுங்கிவிட்டார். இரண்டு அட்டையும் ஒரே நிறம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து பிழைத்தார். டீ குடிக்கும்போது அவளிடம் இதைச் சொன்னேன்.

"அவருக்கு எழுத்தே தெரியாதாண்ணே?"

"தமிழ் படிப்பாரு. இங்கிலீஷ் தெரியாது."

"கேம்ப்ல அப்படி எத்தன பேரு?"

"பாதிப் பேருக்கு மேல. ஏன், நானே சைன்போர்டைத்தான் படிப்பேன். அதுவும் நிறத்தை வச்சு."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பாதி நேரம் ஆகியிருக்கும். அவள் எழுந்தாள். அதுவரை அவள் ஒரு நாளும் எழுந்ததில்லை. இங்கிலீஷில் பேசினாள். எனக்கு முழுசாகப் புரியவில்லை. கேம்ப், மெடிசின், ரீட் என்ற சொற்கள் காதில் விழுந்தன. கடைசியில் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். சார் பிறகு எனக்குச் சொன்னார். "நாம் இந்த நாற்காலிகளில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். அடுத்த ஒரு மணி நேரம் கேம்ப் ஆட்களை இதே நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லித்தரக் கூடாதா?" அவள் கேட்டது அவ்வளவுதான். காலேஜ் அதிலிருந்து வந்தது.

டீக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அவர்களிடம் ஓட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. ஒருவர் அங்கேயே, அந்த நிமிஷமே, முடிவை எழுதி வாசிப்பார். சரியா என்று எல்லார் முகத்தையும் பார்ப்பார். ஒருவர் இல்லை என்றாலும் திருத்த வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் அதுதான் ரெக்கார்ட். யார் சொன்னது என்று பெயர் போட மாட்டார்கள். 'நம்மில் ஒருவர்' என்று எழுதுவார்கள்.

சார் இங்கிலீஷில் எழுதி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். வரப்போகிறவர்கள் தமிழ் ஆட்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும், நீதான் டைரி வைத்திருக்கிறாயே, தமிழில் எழுதி அடுத்த வாரம் வாசி என்றார். நான் டைரி எழுதுவது அவருக்குத் தெரியும். சில நாள் பாலத்தில் வண்டி நிற்கும்போதே எழுதுவதைப் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை உட்கார்ந்தேன். 'நம்மில் ஒருவர் கேட்டார்' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேம்ப்பிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். கொத்தனாரும் வருகிறார். யார் அந்த ஒருவர் என்று கேட்பார்கள். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் என்று நான் சொல்ல வேண்டும். நான் அங்கே வண்டி ஓட்ட வந்தவன். அவளும் வேலைக்கு வந்தவள். அவளுக்கு எழுந்து நிற்க வந்தது. எனக்கு வரவில்லை. அது உறுத்தியது. இதற்கு மேல் காரணம் தேடினால் பொய்தான் வரும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தில் எழுதினேன். 'சாரும் நானும் கலந்து பேசி, கேம்ப் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை படிப்புச் சொல்லித்தர ஏற்பாடு செய்தோம். எல்லாரும் சம்மதித்தார்கள்.'

வெள்ளிக்கிழமை வாசித்தேன்.

கொத்தனார் தொடையில் தட்டினார். "யோவ், நீயா? எட்டாங்கிளாஸ் படிச்சுட்டுக் காலேஜே ஆரம்பிச்சுட்டியேய்யா!" எல்லாரும் சிரித்தார்கள். காலேஜ் என்ற பேர் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான். அதுவே நிலைத்துவிட்டது.

சார் தன் வழக்கப்படி எல்லார் முகத்தையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. நான் என்ன வாசித்தேன், அவர் என்ன எழுதினார் என்று இரண்டும் தெரிந்தவள் அந்த ஹாலில் ஒருத்திதான். கதவுப் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. வேலை செய்கிற வீட்டில் காலியான லபான் மோர் பாக்கெட், மாத்திரை அட்டை, பால்பவுடர் டப்பா எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். அதை வைத்துத்தான் எழுத்துச் சொல்லித்தரப் போகிறாள். நான் வாசிக்கும்முன் அவளைப் பார்த்தேன். வாசித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். பிறகு பைக்குள் ஏதோ தேடினாள்.

ஒன்றும் சொல்லவில்லை. சார் தலையை ஆட்டினார். ரெக்கார்ட் ஆகிவிட்டது.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சாரைப் போன்றவர்களுக்கு அது சரியாக வரும். அவர் பேச வேண்டும் என்றால் பேசுவார். அவள் காலை ஐந்து மணியிலிருந்து எஸ் மேடம் தவிர வேறு பேச்சு இல்லாத வீட்டில் இருந்து வருகிறவள். ஆறு ஆம்பளைகள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அண்ணே என்று கூப்பிட்ட ஒருவனைப் பொய் என்று எப்படிச் சொல்வாள்? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசித்தேன்.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். என் வீட்டுக்காரி தெருவெல்லாம் காட்டினாள். மகள் ஸ்கூலில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதினாள். லீவில் போனபோது ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பிரைஸ் கொடுக்க வைத்தார். மேடையில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

மூன்று வருஷம் அவள் சொல்லிக்கொடுத்தாள். கொத்தனார் லபான் பாக்கெட்டில்தான் முதலில் படித்தார். ஒரு வெள்ளிக்கிழமை கான்ட்ராக்ட் பேப்பரைக் கொண்டுவந்து தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தானே விரல் வைத்துக் காட்டினார். "டீச்சரம்மா, எம்பேரு எம்புட்டு நீளம் பாருங்க, பேப்பரே பத்தல" என்றார். அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

என் டைரியில் அந்த மூன்று வருஷமும் 'வகுப்பு நடந்தது' என்று மட்டும் இருக்கும். யார் நடத்தினார்கள் என்று ஒரு இடத்தில் எழுதினாலும் முதலில் எழுதிய பொய்ப் பக்கத்தோடு உதைக்கும். அதனால் எழுதவில்லை. ஒரு பக்கத்துக்காக மூன்று டைரியை அப்படி ஆக்கினேன்.

கான்ட்ராக்ட் முடிந்து அவள் போனபோது ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

"அண்ணே, அந்த டைரிய நல்லா வச்சுக்கங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன். வண்டி நிறுத்தக் கூடாத இடம். போலீஸ் யல்லா யல்லா என்று விரட்டினான். அதைச் சாக்கு வைத்து உடனே கிளம்பிவிட்டேன்.

பிறகு காலேஜ் வளர்ந்தது. சார் வீட்டு ஹால் போதாமல் வாடகைக்கு இடம் எடுத்தார்கள். லைசென்ஸ் வாங்கினார்கள். கம்ப்யூட்டர், இங்கிலீஷ், ஏசி மெக்கானிக் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற முறையான காலேஜ் ஆகிவிட்டது. சார் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய் இறந்துவிட்டார். அவர் இங்கிலீஷில் எழுதிய நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மிஞ்சியது என் டைரி.

ஆபீஸைப் பார்த்துக்கொள்வது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். பாதி இங்கிலீஷில்தான் பேசும். "அங்கிள், யூ ஆர் அவர் ஃபவுண்டர்!" என்று சொல்லி டைரிகளை வாங்கிப் போய்ப் பெட்டியில் வைத்தது. அதற்கு மேலே என் போட்டோ. நான் இன்னும் டிரைவர்தான். வேறு கம்பெனி, வேறு வண்டி.

போன வருஷம் அந்தப் பெண் போன் பண்ணியது.

"அங்கிள், ஸ்ரீலங்காலேர்ந்து ஒரு மெயில். இங்க த்ரீ இயர்ஸ் டீச் பண்ணினேன்னு சொல்றாங்க. அவங்க எஸ்டேட்ல சின்னப் பசங்க ஸ்கூலுக்கு டீச்சர் எடுக்கறாங்களாம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுமாம். அவங்க பாஸ்போர்ட்ல ஹவுஸ்மெய்டுன்னுதான் இருக்கு. நம்ம ரெக்கார்ட்லயும் அவங்க பேர் இல்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் என்று ஒப்புக்கொண்டால், யார் வைத்தது, எப்படி வந்தாள் என்று கேள்வி வரும். பேச்சு முதல் பக்கத்துக்குப் போகும்.

"பார்த்துச் சொல்றேம்மா" என்றேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. டைரி அவர்களிடம் இருக்கிறது.

இரண்டு மாதம் போனது. அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டது. வண்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை விடவில்லை. அப்போது சொன்னேன்.

"இருந்தாங்கம்மா. நல்லாச் சொல்லிக்கொடுத்தாங்க. வீட்டு முதலாளி கஃபீலுக்குத் தெரியாம வந்துக்கிட்டிருந்தாங்க. பேரை எழுதினா அவங்களுக்குத்தான் ஆபத்து. அதான் எழுதல."

"அங்கிள், அவங்க மேடமே கார்ல டிராப் பண்ணுவாங்கன்னு மெயில்ல எழுதியிருக்காங்களே?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஏசியைக் கூட்டினேன்.

"ஆமாம்மா. மேடம்தான் விடும்" என்றேன். "வெள்ளிக்கிழமை நேர்ல வரேன்."

வீட்டுக்காரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். முதல் தடவையாக முழுசும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்.

"ஹால்ல பிரைஸ் குடுக்குற போட்டோ மாட்டியிருக்கே. அத என்ன பண்ண?"

"எடுத்துடு."

"எடுத்தா செவுத்துல தடம் தெரியும்."

"தெரியட்டும்."

"மவளுக்கு நீங்களே சொல்லுங்க. என்னால ஆகாது" என்று வைத்துவிட்டாள். மகளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. அவளிடமும் சொன்னேன். சரிப்பா என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளாகக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். காலேஜில் ஒரு சின்ன ரூமில் இன்னும் உட்காருகிறார்கள். ஐந்து பேர் இருந்தார்கள். நான் இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை. எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தமிழில் சொன்னேன். ஆபீஸ் பெண் இங்கிலீஷில் சொன்னது. கேட்டது யார், எழுதியது யார், எதற்கு எழுதினான், எல்லாம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய ரெக்கார்டை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, புதிதாக ஒன்று எழுதி அதோடு வைக்க வேண்டும் என்றார்கள். அங்கேயே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'இந்தக் காலேஜை ஆரம்பிக்கலாம் என்று முதலில் எழுந்து கேட்டவர் மலையகத்திலிருந்து வந்த ஆசிரியை. மூன்று வருஷம் பாடம் நடத்தியவரும் அவரே. மறதியால் அவர் பெயர் எழுதப்படாமல் போனது.' கீழே அவள் பெயரை எழுதினேன்.

அவளும் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் முறை என்றார் ஒருவர். ஆபீஸ் பெண் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தது.

"அண்ணே, சொகமா இருக்கீங்களா?" அதே குரல். காற்று இரைந்தது. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற இடத்தில் நிற்கிறேன் என்றாள்.

"இருக்கேம்மா. ஒண்ணு வாசிக்கணும். கேளு."

வாசித்தேன்.

"லெட்டர் இந்த வாரமே அனுப்பறோம்க்கா" என்றது ஆபீஸ் பெண்.

"அந்த எடத்துக்குப் போன வாரம்தான் வேற ஆளை எடுத்துட்டாங்க மிஸ். ரெண்டு மாசம் காத்திருந்தாங்க. பரவாயில்ல, அனுப்புங்க."

ரெண்டு மாசம் என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

"நீங்க அக்ரீ பண்ணினா ரெக்கார்ட் பண்ணிடுவோம்க்கா. சரிதானே?"

"சரி இல்ல மிஸ்."

எல்லாரும் போனைப் பார்த்தார்கள்.

"அண்ணே, மறதின்னு எழுதியிருக்கீங்க. மறதி இல்லண்ணே. அன்னைக்கு வாசிக்கிறதுக்கு முந்தி என்னையப் பார்த்தீங்க. பார்த்துட்டுத்தான் வாசிச்சீங்க. நான் அத மறக்கல. நீங்களும் மறந்திருக்க மாட்டீங்க."

"மறக்கலம்மா."

"அப்ப அத மாத்துங்க."

மறதியால் என்பதை அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். அவள் பெயரை நான் எழுதவில்லை, தெரிந்தே எழுதவில்லை என்று முழு வரியையும் திருத்தினேன். மறுபடி வாசித்தேன். இரண்டு தடவை நிறுத்தி வாசித்தேன்.

"இப்ப சரி" என்றாள். "கொழுந்து நிறுக்கக் கூப்பிடுறாங்க, வைக்கிறேண்ணே."

தாளைப் பெட்டிக்குள் வைத்தார்கள். போட்டோவை நானே கழற்றிக் கொடுத்தேன். லெட்டர் அந்த வாரமே போய்விட்டது. கிடைத்ததா என்று ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன், கிடைத்ததாம். அவளிடம் கேட்கவில்லை. அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பாள், அண்ணே என்பாள். அதனால்தான் கூப்பிடவில்லை.